வாட்டம்

பெர்மிட்டில் என் தொழில்: சமையல் உதவியாள்.
பீடோரில், செம்பனை லாரிகள் திரும்பும் முனையில்
லெட்சுமணன் முதலாளியின் சாப்பாட்டுக் கடை.
காலை நாலரைக்கு மாவு பிசைகிறேன்.
மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று
கைக்குத் தெரியும்.
சிமெண்டுக்கு எவ்வளவு என்றும் தெரியும்,
அதை யாரும் கேட்பதில்லை.

ஏஜென்ட் சொன்னது:
சைட் இன்ஜினியர், ஈப்போ பக்கம்.
பக்கம்தான். அதில் பொய் இல்லை,
பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

லாரிக்கார ஏகாம்பரம் வந்து உட்கார்ந்ததும்
"ஊர்க்காரா, ரொட்டி ஒண்ணு, நல்லா முறுகலா" என்பார்.
இங்கே என் பெயர் ஊர்க்காரன்.
எந்த ஊர் என்று கேட்டவர் இல்லை.

பாத்திரம் கழுவும் ரஃபிக்குல்
குஷ்தியாவில் கணக்கு வாத்தியார்.
ஒரு நாளைக்கு எத்தனை தட்டு என்று
சுவரில் கரியால் எழுதிவைக்கிறார்,
மாதக் கடைசியில் சராசரி போடுகிறார்.
எதற்கு என்று கேட்டேன்.
"சும்மா விட்டால் துருப்பிடிக்கும்" என்றார்,
எது என்று சொல்லவில்லை.

பின்கட்டுச் சாக்கடை மூன்று வருஷமாக ஓடவில்லை.
பசியாற வரும் தோட்டத்து ஆட்கள்
மூக்கைப் பிடித்தபடி முன்மேசைக்கு நகர்வார்கள்.
மாவட்ட மன்றத்து அதிகாரி வந்து
இருநூற்றைம்பது வெள்ளி
எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.
முதலாளி குளோரின் வாங்கி ஊற்றினார்.
"வாட்டம் சரியில்ல, முதலாளி" என்றேன்.
"யாருக்கு வாட்டம்? உனக்கா?
பனடோல் போட்டுக்கிட்டு வேலையைப் பாரு."

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கடை அடைப்பு.
முதலாளி குடும்பம் கல்லுமலைக்குப் போனது,
மகனுக்குப் பால்குடம்.
நானும் ரஃபிக்குலும்
இடித்துத் தள்ளிய பழைய லயத்தில் செங்கல் பொறுக்கினோம்.
சிமெண்ட் இரண்டு மூட்டை, என் காசு.
மட்டம் பார்க்கக் கருவி கிடையாது.
கண்ணாடி ஹோஸ் ஒன்று எடுத்து,
வெறுந்தண்ணீர் இருட்டில் தெரியாதென்று
ரோஸ் சிரப் கலந்து ஊற்றினோம்.
அந்த முனையில் அவர், இந்த முனையில் நான்,
நடுவே சிவப்பு, ஏறி இறங்கி
மெல்ல ஒரு முடிவுக்கு வந்தது.
நூற்றுக்கு ஒன்று.
பதினோரு மீட்டருக்குப் பதினோரு சென்டிமீட்டர்.
"ரைட்டு" என்றார் வாத்தியார்.
ஒரு கணக்கை ரைட்டு என்று சொல்லி
அவருக்கு எத்தனை நாள் இருக்குமோ,
இன்னொரு தடவையும் சொன்னார்.

திரவ இயக்கவியலில் நான் இரண்டு முறை தோற்றவன்.
மூன்றாம் முறை ஐம்பத்திரண்டு.
புதுக்கோட்டையில் எந்தப் பேராசிரியரும் காட்டாததை
இரண்டாம் நாள் விடியற்காலையில் பார்த்தேன்:
ஒரு வாளித் தண்ணீர்,
தேயிலைச் சக்கை மிதக்க,
யாரும் தள்ளாமல் போனது.

முதலாளி வந்தார்.
நெற்றித் திருநீறு கலையாமல்
கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.
"டேய், உனக்கு இந்த வேலையெல்லாம் தெரியுமா?"
தெரியும் என்றேன்.
அன்றிலிருந்து
கக்கூஸ் அடைத்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்.
பக்கத்து முடிதிருத்தகத்துக்கும்
அரை நாள் இரவல் கொடுத்தார்,
ஐம்பது வெள்ளிக்கு.
வாங்கிக்கொண்டது அவர்.

இரவு தங்கை கூப்பிட்டாள்.
படிப்புக் கடனுக்கு வங்கியிலிருந்து
மறுபடி கடிதமாம்.
"எங்கண்ணே இருக்க, சைட்லயா?"
சாக்கடையோரம் கவிழ்த்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருந்தேன்.
"சைட்லதான்" என்றேன்,
ஒன்றேகால் வருஷத்தில் முதல்முறை
தொண்டையைச் செருமாமல்.
"என்ன கட்றீங்க?"

உள்ளே ரஃபிக்குல் குழாயைத் திறந்தார்.
கேக்குதா பாரு என்று
போனைக் கீழே பிடித்தேன்.

"அங்க மழையாண்ணே?" என்றாள்.